செர்வா போன வழியில்

ஆகஸ்ட் 9, வெள்ளி. தெச்சிமான்

இன்று அக்ரா வண்டி பதினாறு நிரப்பினேன். பதினொன்று என்று நிலைய எழுத்தர் சொல்வார். அவருக்குக் கண் மங்கல். முப்பத்தொரு வருஷமாக இந்தப் பேருந்து நிலையத்தில் "அக்ரா, அக்ரா, அக்ரா!" என்று கூவி ஆள் ஏற்றுகிறேன். யாவ் பெடியாக்கோவின் குரல் கேட்டும் ஏறாமல் போனவன் இந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் தங்கை போகுவா மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே சொன்னாள்: "செர்வாவுக்கு இருபத்துநாலாம் தேதி கல்யாணப் பாட்டில் கொண்டு வர்றாங்களாம். லாகோஸ்ல."

செர்வா அவள் மகள். எங்கள் பக்கத்தில் பிள்ளை அப்பனுக்குச் சொந்தமில்லை, தாய்மாமனுக்குத்தான். அப்படிப் பார்த்தால் என் மகள்.

"யாரு உக்காந்து வாங்குறது?"

"அங்க நம்ம ஆளுங்க சங்கத்துக்குத் தலைவர் ஒருத்தர் இருக்காராம், ஆம்போஃபோன்னு. மாமன் இடத்துல அவர் உக்கார்றார்."

"மாமன் நான் உசிரோட இருக்கேன்ல?"

"இருக்கே. அவ கூப்பிடலியே."

மரவள்ளியை நறுக்கென்று வெட்டினாள்.

ஆகஸ்ட் 10, சனி

தூக்கமில்லை. அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஜின் பாட்டில்களோடு வந்து கதவைத் தட்டுவார்கள். தாய்மாமன் பெண்ணைச் சபைக்குக் கூப்பிட்டு, "இதை வாங்கிக்கட்டுமா?" என்று மூன்று தடவை கேட்க வேண்டும். மூன்று தடவையும் அவள் சரி என்றால்தான் மூடியைத் திருகலாம். திருகின பாட்டிலைத் திருப்பிக் கொடுப்பது என்பது கிடையாது, பெண்ணைக் கொடுத்தது கொடுத்ததுதான். இது எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

ஆறு வருஷத்துக்கு முன் மக்காச்சோள வியாபாரி ஃபோஃபியேவின் ஆட்கள் செர்வாவைக் கேட்டு வந்தார்கள். ஏதோ ஒரு அவசரம், பாட்டில் திறந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது. மூன்றாம் நாள் அவள் ஊரைவிட்டுப் போய்விட்டாள். இருபத்திரண்டு வயசு.

எந்த வண்டியில் போனாள்? என் வண்டியில். நான் முன்னால் நின்று கூவிக்கொண்டிருந்தேன், அவள் பின்பக்கமாக ஏறிக் கடைசி வரிசையில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆள் நிரம்பியதும் வண்டியின் விலாவில் இரண்டு தட்டுத் தட்டி "போகலாம்!" என்று அனுப்பியதும் நான்தான். அன்றைக்கு என் குரல் அப்படி ஒரு கணீர். கடைசி இருக்கைக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

ஆகஸ்ட் 11, ஞாயிறு

போவதென்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் மன்னிப்புக் கேட்கிறவன் தன் வாயாலேயே கேட்பது எங்களில் முறையில்லை. இன்னொருவரைக் கூட்டிப்போய் அவர் வாயால்தான் கேட்க வேண்டும். மூன்று பேரிடம் கேட்டேன். தேவாலயத்து ஒவுசுவுக்கு முதுகுவலி. எழுத்தருக்கு வேலை. பழைய கூட்டாளி அடாசிதான் மனசில் பட்டதைச் சொன்னான்: "உன்கூட வந்தா எனக்குப் பேச வாய் எங்கே கிடைக்கும்?"

வழியில் கிடைப்பார்கள். பெரிய ஊர்களில் ஆளுக்கா பஞ்சம்?

ஆகஸ்ட் 12, திங்கள். அக்ரா

இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்: நான் அக்ராவுக்கு வந்ததே இல்லை. முப்பத்தொரு வருஷம் கூவியிருக்கிறேன், வந்ததில்லை. பக்கத்து இருக்கைக்காரரிடம் நாற்பது தடவை வந்திருப்பதாகச் சொன்னேன். "அப்படின்னா சர்க்கிள் சந்திப்புல எங்க இறங்கணும்னு சொல்லுங்க" என்றார். "அது இப்ப மாறியிருக்கும்" என்றேன். நல்லவேளை, நிஜமாகவே மாறியிருந்தது. சாலைக்கு மேல் சாலை, அதற்கும் மேல் ஒரு சாலை, மூன்றிலும் வண்டி. ஊரில் சொல்லும்போது ஐந்து என்று சொல்ல வேண்டும்.

முதலில் நான் கவனித்தது கூவுகிறவர்களை. தொழில்காரன் கண் அங்கேதான் போகும். குரல் சுமார்தான். ஆனால் கையால் பேசுகிறார்கள். சர்க்கிளுக்குப் போகிற வண்டிக்காரன் ஒற்றை விரலால் காற்றில் வட்டம் போடுகிறான். அவ்வளவுதான், ஆள் ஓடி வந்து ஏறுகிறது. நான் ஒருவனிடம் போய் "குரல் எங்கேப்பா?" என்றேன். "பெரியவரே, இந்தச் சத்தத்துல குரல் யாருக்குக் கேக்கும்? ஏறுறீங்களா, பாடம் எடுக்கப்போறீங்களா?" என்றான்.

கண்ணாடிக் கட்டடங்கள். ஒன்றின் முகத்தில் இன்னொன்று தெரிகிறது. அந்தக் கண்ணாடியில் என் முகத்தையும் பார்த்தேன். சட்டை கசங்கிப் போய்...

செர்வா இங்கே வந்து இறங்கினபோது எந்தப் பக்கம் நடந்திருப்பாள்? இடதா, வலதா? முதல் ராத்திரி எங்கே படுத்தாள்?

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கடலைப் பார்த்தேன்.

எப்படி எழுதுவது? ஜேம்ஸ்டவுன் பக்கம், பழைய கலங்கரை விளக்கத்துக்குக் கீழே. மீன் காயும் நாற்றம், படகுகளில் கொடிகள், ஒரு பெண் என் காலில் இடித்துவிட்டு என்னையே திட்டிக்கொண்டு போனாள். எல்லாம் தாண்டி நிமிர்ந்தால்— அது. அலை பனைமர உயரம் இருந்தது. சரி, வாழைமர உயரம். சரி, என் இடுப்பு. ஆனால் சத்தம் பனைமர உயரம், அதில் மாற்றமில்லை.

எனக்கு ஐம்பத்தெட்டு வயசு. இருபது வருஷமாகக் கடலைப் பற்றிக் கதை சொல்லியிருக்கிறேன், நீந்தினதாகக்கூட. செர்வா சின்னவளாக இருக்கும்போது என் மடியில் உட்கார்ந்து, "மாமா, கடல் தண்ணி என்ன நிறம்?" என்று கேட்பாள். "நீலம், உன் பள்ளிக்கூடப் பாவாடை மாதிரி" என்பேன்.

இது சாம்பல் நிறம். அவளும் வந்து பார்த்திருப்பாள். அப்போது தெரிந்திருக்கும், மாமன் பார்த்ததே இல்லை என்று.

ஆகஸ்ட் 14, புதன்

இன்றும் அக்ராவிலேயே இருந்தேன். ஊரைச் சரியாகப் பார்க்க வேண்டாமா?

ஆகஸ்ட் 15, வியாழன். லோமே

எல்லைக் கதவை நடந்தே கடந்தேன். இந்தப் பக்கம் எங்கள் நாடு, அந்தப் பக்கம் டோகோ. கடற்கரை மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் நேராகப் போய்க்கொண்டிருக்கிறது. அதிகாரி என் மஞ்சள்காய்ச்சல் தடுப்பூசி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவரை முறைத்தேன். அவர் நடுங்கிப்போய் முத்திரை குத்தினார். (நடுங்கவில்லை. கொட்டாவி விட்டார்.)

இங்கே கூவுகிறவர்களே கிடையாது. எல்லாம் மோட்டார் சைக்கிள். பின்னால் உட்கார்ந்து தோளைத் தட்டினால் போகிறான். ஊமை ஊர். கடலோரமாக அகலமான சாலை, தென்னை, மணல், பெண்கள் முழ நீள ரொட்டியை விறகுபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகிறார்கள். பேச்சு எனக்குப் புரியவில்லை, என் பேச்சு அவர்களுக்குப் புரியவில்லை. நாள் முழுக்க நான் ஒரு கதையும் சொல்லவில்லை. என் வயசில் இப்படி ஒரு நாள் வந்ததே இல்லை.

சாயங்காலம் மணலில் உட்கார்ந்திருந்தேன். துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கப்பல்கள் வரிசையாக விளக்குப் போட்டன. அதுவும் ஒரு ஊர் மாதிரி, கடலுக்குள் கட்டிவைத்த ஊர். அவளும் இங்கே ஒரு வருஷம் இருந்தாள் என்று போகுவா ஒருமுறை சொன்னாள், முடி பின்னக் கற்றுக்கொண்டாளாம். பாஷை தெரியாத ஊரில், இருபத்திரண்டு வயசுப் பெண், ஒரு வருஷம்! எனக்கு ஒரு நாள் தாங்கவில்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி

பாதங்கள் வீங்கியிருக்கின்றன. அதனால் போகவில்லை.

ஆகஸ்ட் 17, சனி. கோட்டோனூ

சீக்கிரம் வந்துவிடுகிறது இந்த ஊர். நான் இன்னும் தூரமாக இருக்கும் என்று நினைத்தேன், இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

சாலையோரமெல்லாம் பெரிய கண்ணாடிக் குடுவைகளில் பெட்ரோல், தேன் விற்பதுபோல் விற்கிறார்கள். மஞ்சள் சட்டை போட்ட மோட்டார் சைக்கிள்காரர்கள் ஆயிரம் பேர். எண்ணினேன், ஆயிரம். பெரிய பாலத்துக்கு அடியில் காயல். அதன் கரையில் சந்தை. நம் தெச்சிமான் சந்தை மாதிரி ஐந்து இருக்கும். இல்லை. எங்கள் சந்தையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இரண்டு.

துணிக்கடைக்காரி ஒருத்திக்கு எங்கள் பாஷை கொஞ்சம் தெரிந்தது. "லாகோஸுக்கா? என்ன விசேஷம்?"

"என் பிள்ளைக்குப் பாட்டில் வாங்குறாங்க. நான்தான் கேக்கணும். நான் போய்ச் சேராம ஆரம்பிக்க மாட்டாங்க."

"அப்ப இங்க ஏன் நிக்கிறீங்க? ஓடுங்க!"

ஏன் நிற்கிறேன்?

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஊரை நெருங்க நெருங்க எனக்கு ஏன் இத்தனை வேலை வருகிறது என்று தெரியவில்லை. இன்று சட்டை துவைத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள். லாகோஸ்

தோற்றேன். இதையும் இங்கே மட்டும் எழுதுகிறேன்.

வண்டி நகராமல் நின்ற இடத்தில், மஞ்சள் பேருந்தின் வாசலில் ஒருவன் ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டு, மறு கால் காற்றில், "ஓஷோடி-ஓஷோடி-ஓஷோடி!" என்றான். மூச்சே விடவில்லை. கூவிக்கொண்டே ஒருவனிடம் சண்டை போட்டான், இன்னொருவனுக்குச் சில்லறை கொடுத்தான், என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். என் வாழ்நாளில் இப்படி ஒரு கூவல் கேட்டதில்லை. எழுந்து நின்று கை தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

இது ஊரில்லை, நாலைந்து ஊர்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து எழுந்திருக்க முடியாமல் கிடக்கின்றன. வண்டி நின்றால் அங்கேயே சந்தை: குளிர்ந்த தண்ணீர், வாழைக்காய் வறுவல், கைக்கடிகாரம், எலி மருந்து, சுவரில் மாட்டும் படம், ஒருவன் நாய்க்குட்டி வைத்திருந்தான். ஜன்னலை விட்டு நகராமலே ஒரு குடித்தனம் நடத்தத் தேவையான எல்லாம் வாங்கலாம். வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் உறுமுகிறது.

யாபா என்கிற பகுதியில் அறை எடுத்தேன். செர்வாவின் முடி பின்னும் கடை இதே யாபாவில்தான். நடந்தால் பத்து நிமிஷம் என்றார்கள். நடக்கவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நீளப் பாலத்தில் போய்வந்தேன். தண்ணீருக்கு மேல் போகிறது, போகிறது, முடிகிற மாதிரித் தெரியவில்லை. ஒரு பக்கம் காயலுக்குள் கம்பு நட்டுக் கட்டிய மர வீடுகள், மேலே புகை. எதிரே தீவில் வானத்தைக் குத்துகிற கோபுரங்கள். நடுவில் நான். பெரிய ஊர்களைப் பார்க்க ஆசைப்பட்டவன் நான்தான், ஆனால் பார்க்கப் பார்க்க ஒரே ஒரு ஆள்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்தத் தண்ணீரைத் தினமும் பார்க்கிறவள் எங்களை எதற்கு நினைக்கப்போகிறாள்?

திரும்பி வந்து அவள் கடை இருக்கும் தெருமுனை வரை போனேன். பச்சைக் கதவு. உள்ளே சிரிப்புச் சத்தம். அவள் சிரிப்பா? அவள் சிரிப்பு எனக்கு மறந்துவிட்டதா? அடக் கடவுளே!

ஆகஸ்ட் 21, புதன்

ஆள் கிடைத்துவிட்டது! தெருமுனையில் கென்கி விற்கிற பெண்மணி. நம் நாட்டுக் கடற்கரைக்காரி, பெயர் மென்சிமா, இங்கே வந்து இருபத்தாறு வருஷம். சோளமாவு உருண்டையும் பொரித்த மீனும் மிளகாய்த் துவையலும் வைத்தாள். வாயில் போட்டதும் கண் கலங்கிவிட்டது. மிளகாய்தான்.

"நீங்க யாரு, இங்க புதுசா இருக்கீங்க?"

மூன்று நாளாகப் பூட்டி வைத்த வாய். என்ன செய்வது, திறந்துகொண்டது. எனக்கு ஐந்து பேருந்து சொந்தம் என்றேன். அக்ராவிலிருந்து விமானத்தில் வந்தேன் என்றேன். பழைய விஷயத்தையும் சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்சம் திருத்தித்தான் சொன்னேன்— ஃபோஃபியேவின் ஆட்கள் பாட்டிலை நீட்டினார்கள், "என் பிள்ளையைக் கேக்காம இதைத் தொட மாட்டேன்" என்று நான் தூக்கித் தெருவில் எறிந்தேன், யாரோ செர்வாவிடம் மாற்றிச் சொல்லி அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள். சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. பாட்டில் உடைகிற சத்தம்கூடக் கேட்டது.

மென்சிமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்படிப்பட்ட மாமனையா அந்தப் பொண்ணு ஒதுக்கி வச்சிருக்கு? எனக்கு அவளைத் தெரியும், தினம் எங்கிட்டதான் மீன் வாங்குவா. நாளைக்கு நான் வந்து பேசுறேன். எம் பேச்சைத் தட்ட மாட்டா."

நிம்மதி. இன்று தூங்குவேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மென்சிமா நல்ல சேலைத்துணி கட்டி, தலையில் துணி முடிந்து வந்தாள். நான் பின்னால். பச்சைக் கதவு. செர்வா ஒரு பெண்ணுக்கு முடி பின்னிக்கொண்டிருந்தாள். சதை வைத்திருக்கிறாள், முகம் அப்படியே போகுவா. என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை, பின்னிக்கொண்டே இருந்தாள். ஓரத்தில் உயரமாக ஒருவன் எழுந்து நின்றான், லான்ரே, மாப்பிள்ளை. இந்த ஊர் யொருபாக்காரன். அக்ராவில் மூன்று வருஷம் வேலை பார்த்தவனாம், எங்கள் பாஷையை நன்றாகவே பேசுகிறான். எனக்கு நாற்காலி போட்டான், தண்ணீர் கொடுத்தான். முறை தெரிந்தவன்.

"வந்த காரியம்?" என்றாள் செர்வா. முறைப்படிதான் கேட்டாள். மாமா என்று சொல்லவில்லை.

மென்சிமா ஆரம்பித்தாள். அடேயப்பா, என்ன வாய்! "மகளே, வந்த வழியில சமாதானம். இந்த மனுஷன் சாதாரண ஆள் இல்ல. அஞ்சு பேருந்துக்குச் சொந்தக்காரர். உனக்காக விமானம் ஏறி வந்திருக்கார்."

லான்ரே என் செருப்பைப் பார்த்தான்.

"அன்னைக்கு உன்னைக் கேட்டு வந்தவனுங்க நீட்டின பாட்டிலை, 'எம் பிள்ளையைக் கேக்காமத் தொட மாட்டேன்'னு தூக்கித் தெருவுல எறிஞ்சவர்—"

செர்வாவின் கை நின்றது.

"எறிஞ்சாரா?"

"எறிஞ்சார்!"

"எந்தத் தெருவுல?"

மென்சிமா என்னைப் பார்த்தாள். "சொல்லுங்களேன், எந்தத் தெரு?"

தெருப் பெயர் எனக்குத் தெரியும். ஒன்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்துவிட்டது— சந்தைத் தெரு, கிணற்றுக்குப் பக்கத்தில், கண்ணாடித் துண்டு எடுக்க மூன்று நாள் ஆயிற்று... எல்லாம் தயாராக இருந்தது. செர்வா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேன். அவள் சோர்ந்துபோய்ப் பார்த்தாள். இன்னும் எத்தனை வருஷம் கேட்க வேண்டும் இதையெல்லாம் என்கிற மாதிரி.

முறையாவது ஒன்றாவது! என் வாயாலேயே சொன்னேன்.

"எறியல. நான்தான் திறந்தேன். நீ சந்தையிலேர்ந்து வர இன்னும் அரை மணி நேரம் இருந்துச்சு. அவங்க ஆறு பாட்டில் கொண்டு வந்திருந்தாங்க, நிலையத்து ஆளுங்க எல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. 'எம் பிள்ளை எஞ்சொல்லைத் தாண்ட மாட்டா'ன்னு பெருசாச் சொல்லிட்டேன். சொன்னப்புறம் காத்திருந்தா மானம் போயிடும்னு திருகிட்டேன். நீ வந்து 'யாரைக் கேட்டீங்க?'ன்னே. 'உனக்காக நானே கேட்டு, நானே மூணு தடவை சரின்னுட்டேன்'னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நீ சிரிக்கல."

பாதி பின்னின தலையோடு அந்தப் பெண் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடப் பாவி மனுஷா!" என்றாள் மென்சிமா. "இந்த வாயை வச்சிக்கிட்டு நான் இந்தத் தெருவுல மீன் விக்க வேண்டாமா?"

"பேருந்து?" என்றான் லான்ரே, மெதுவாக.

"ஒண்ணும் கிடையாது. கூவி ஆள் ஏத்துறேன்."

"விமானம்?"

"நாலு வண்டி மாறி வந்தேன்."

செர்வா மறுபடி பின்ன ஆரம்பித்தாள். ரொம்ப நேரம் பின்னினாள். அப்புறம் முடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "சனிக்கிழமை வாங்க. உக்காருங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது. இருமக்கூடக் கூடாது."

"சரி."

"கேக்கறது ஆம்போஃபோ பெரியவர்தான். அவரு என்னை ஒரு மாசமாத் தினம் கேட்டுக்கிட்டே இருக்கார், 'யோசிச்சியாம்மா, யோசிச்சியாம்மா'ன்னு."

"சரி" என்றேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மென்சிமா இன்று எனக்கு மீன் கொடுக்கவில்லை. தலை மட்டும் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 24, சனி

விரிவாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். கை வரவில்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

சங்கத்து மண்டபம். இரண்டு பக்கமும் நாற்காலி. லான்ரேயின் ஆட்கள் நீல உடையும் மடிப்புத் தொப்பியுமாக வந்தார்கள், மேளத்தோடு. என்னைப் பெண் பக்கம் கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பக்கத்தில் இருந்தவர் "நீங்க யார்?" என்று கேட்டார். நான் புன்னகைத்தேன். "பாவம், பேச முடியாதவர்" என்று அவர் மனைவியிடம் சொன்னது கேட்டது.

பாட்டில்கள் மேசைக்கு வந்தன. செர்வா வந்தாள். கழுத்தில் மணி, கையில் மணி. அவளை எப்படி வர்ணித்தாலும் குறைவாகத்தான் இருக்கும் என்று எனக்கே தோன்றுகிற முதல் ஆள் அவள்.

ஆம்போஃபோ எழுந்தார். மெலிந்த மனிதர், ஓய்வுபெற்ற தபால்காரராம். பேசத் தொடங்கிவிட்டு நிறுத்தினார். கடைசி வரிசையைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம். பொண்ணோட சொந்தத் தாய்மாமன் இங்க இருக்கார்னு கேள்விப்பட்டேன். ரத்தம் இருக்கும்போது நான் கேக்கறது முறையில்ல. அவர் வந்து கேக்கட்டும்."

எல்லாத் தலையும் திரும்பியது.

எழுந்தால் போதும். ஆறு வருஷமாக எனக்கு வேண்டியிருந்தது அந்த இடம்தான். இதற்காகத்தான் மூன்று எல்லை தாண்டி வந்தேன், என் பிள்ளையை என் வாயால் கேட்க. கால் தானாகவே எழப் பார்த்தது. செர்வா என் பக்கம் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோள் மட்டும் மேலே போய் அப்படியே நின்றது, அடிக்குக் காத்திருக்கிறவர்கள் நிற்பார்களே, அப்படி.

நான் உட்கார்ந்தே இருந்தேன். கையை நீட்டி ஆம்போஃபோவைக் காட்டினேன். நீங்களே கேளுங்கள் என்று.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுத் திரும்பினார். கேட்டார். ஒவ்வொரு தடவையும் இடையில் அவளுக்கு நேரம் கொடுத்துக் கேட்டார். சத்தமே போடாமல், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எனக்கு அப்படிக் கேட்கத் தெரியாது.

சரி. சரி. சரி.

மூடி திருகுகிற சத்தம் பின்வரிசை வரை வந்தது. நான் இருமவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் லான்ரே அறைக்கு வந்தான். ஒரு பெரிய பாத்திரத்தில் சோறு, ஆட்டுக்கறி. "வழிக்கு. அவ கொடுத்தா." அவள் வரவில்லை. ராத்திரி முழுக்க ஆடியிருப்பாள், கால் வலிக்கும். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

கொஞ்சம் நினைத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 4, புதன். தெச்சிமான்

நிலையத்தில் என்னைச் சுற்றி இருபது பேர். ஐம்பது. இல்லை, இருபதுதான். கடல் எப்படி, பாலம் எப்படி என்று கேட்டார்கள். சொன்னேன், அலையைப் பனைமரத்துக்கே ஏற்றிவிட்டேன், அது என் உரிமை. அப்புறம் அடாசி கேட்டான்: "மூணு தடவையும் நீதான் கேட்டியா? குரல் அப்படியே மண்டபத்தைத் தூக்கியிருக்குமே!"

"ஆம்போஃபோன்னு ஒரு பெரியவர் கேட்டார். நான் பின்னால உக்காந்திருந்தேன்."

"போடா!"

"நிஜம். நல்லாக் கேட்டார்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெடியாக்கோ புதுசாக ஒரு தமாஷ் கற்றுக்கொண்டு வந்திருக்கிறான் என்று எழுத்தர் சொன்னார். நான் எத்தனை தடவை சொல்லியும் ஒருவரும் நம்பவில்லை.

செப்டம்பர் 15, ஞாயிறு

போகுவாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் செர்வா போன் பண்ணுவது வழக்கமாம். ஆறு வருஷம் இதே வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியாது. நான் நிலையத்துக்குப் போன பிறகுதான் பேசுவார்கள்போல. இன்று நான் வீட்டில் இருக்கும்போதே மணி அடித்தது. போகுவா அடுப்படிக்குள் போய்ப் பேசினாள். கிழங்கு விலை, முட்டிவலி, எல்லாம் பேசினாள். நான் முற்றத்தில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தேன். தைத்த இடத்திலேயே தைத்துக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து போனை நீட்டினாள். "உன்கிட்டயாம்."

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினேன்.

"தெச்சிமான்லேர்ந்து வெங்காயம் கொண்டு வர்ற அக்கா நேத்து கடைக்கு வந்தாங்க" என்றாள் செர்வா. "நீங்க கேக்கலைன்னு நீங்களே நிலையத்துல சொன்னீங்களாமே."

"ஆமா. ஒருத்தனும் நம்பல."

அந்தப் பக்கம் ஜெனரேட்டர் சத்தம். யாரோ அவளை ஏதோ கேட்டார்கள், யொருபாவில் பதில் சொன்னாள். போன் கையை விட்டுப் போய்விடுமோ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, சாப்பிட்டீங்களா?"

அடுப்பில் சாறு இப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது. போகுவா கரண்டியோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சு. மூணு தட்டு" என்றேன். "உங்கம்மா போதும் போதும்னு கெஞ்சுறா."

அவள் சிரித்தாள்.